சந்திரம்மாள் தள்ளிப் பார்த்த படம்

ஃபெமினா கன்னியாகுமரிக்குப் போய் வந்த நான்காம் நாள், புத்தூரில் அவள் குடியிருந்த தெருவில் பதினொரு பேர் கன்னியாகுமரிக்குப் போய் வந்தவர்களாக இருந்தார்கள். ஃபெமினா மட்டும் போயிருக்கவில்லை. இது 2018 மே மாதத்தில் நடந்தது. அவளுடைய தம்பி ஜூட் பெங்களூரிலிருந்து வந்தபோது அவள் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டு, இரண்டு வில்லைகள் பதித்த ஓர் அட்டைப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, வந்த பக்கம் திரும்பக் கூடாது, யாராவது பேசினால் பேச்சும் அதில் பதிந்துவிடும். பிறகு போனைப் பெட்டிக்குள் செருகிக் கண்ணில் வைத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். தலையைத் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் இருந்ததும் தெரியும். ஜூட் சொன்னது இவ்வளவுதான். மிச்சம் அவனுக்கும் தெரியாது.

ஃபெமினா தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். குத்தியது தெரியாமல் ரத்தம் எடுப்பாள். எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. கடலுக்கு நடுவே பாறையில் நின்று ஒழுங்காக ஒரு சுற்றுச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு வந்த அன்று சாயந்தரம் தெருவே திரண்டு வந்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் பெட்டியைக் கண்ணில் வைத்துப் பார்த்தது. முதலில் பார்த்தவள் எதிர்வீட்டுச் சந்திரம்மாள். பெட்டியை இறக்கியபோது அவள் காலில் கடல் மணல் ஒட்டியிருந்தது. வாசற்படியில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். ரிட்டயரான கண்டக்டர் அழகிரிக்கு மூக்குத் தோல் வெயிலில் உரிந்தது. நான்காம் நாள் யாரோ படகு எப்படி ஆடியது என்று பேச்செடுத்தபோதுதான், தனக்குப் படகே ஞாபகம் இல்லை என்று ஃபெமினாவுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பெட்டி கட்டியது ஞாபகம் இருந்தது. செவ்வாய்க்கிழமை துணி துவைத்தது ஞாபகம் இருந்தது. நடுவில் அவள் கிளினிக்கில் இருந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. கூடப் போன கணவன் ஜோஸுக்கு எல்லாமே நினைவிருந்தது. நீ அங்கே மாங்காய்த் துண்டு வாங்கித் தின்றாய், உப்பு அதிகம் என்று சண்டை போட்டாய் என்று அவன் சொல்லச் சொல்ல, பக்கத்து ஊர்க்காரி யாரைப் பற்றியோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். கைப்பிடிக் கம்பியும் வானமும் இருந்தன. கடல் இல்லை.

ஆக, படம் எடுத்தவளிடமிருந்து பயணம் பார்த்தவர்களுக்குப் போய்விடுகிறது. தெரிந்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்குப் போய் வந்தவர் தெருவுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்பது புத்தூரில் மட்டுமில்லை, எங்கேயும் உள்ளதுதான். முன்பெல்லாம் ஒரு பொட்டலம் அல்வாவோடு முடிந்தது. பெட்டியின் ருசி கண்ட பிறகு, "அல்வாவெல்லாம் எதுக்கும்மா, சுகர் வேற இருக்கு, அந்தப் பெட்டியக் குடு" என்று ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொல்ல நாக்கு வர வேண்டுமே. கொடைக்கானலை அழகிரிக்குக் கொடுத்தாள். அவர் பத்து நாள் தும்மிவிட்டு, நீ கூட்டிக்கொண்டு போன இடம் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். கொரோனா ஊரடங்கில் பழைய படங்களை வைத்துத் தெரு முழுக்க ஊர் சுற்றியது. ஈரக் காலோடு பால் வாங்கப் போன அழகிரியைப் போலீஸ்காரர் நிறுத்தி எந்தக் கடற்கரையில் இருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். கிளினிக்கில் அவளுக்கு லீவே எடுக்காத ஊழியர் என்று மூன்று வருஷம் தொடர்ந்து, வருஷத்துக்கு ஒன்றாக, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மூன்று டிபன் பாக்ஸையும் அவள் அலமாரியின் அடியில் போட்டுவிட்டாள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் நல்ல மாம்பழத்தை நமக்கு வைத்துக்கொண்டு அடிபட்டதை வருகிறவர்களுக்கு நறுக்கி வைப்பதில்லையா, அதுபோல. மனசுக்குப் பிடித்த ஊர்களை யாருக்கும் காட்டுவதில்லை. காட்டுவதற்கென்றே வருஷத்துக்கு இரண்டு சுமாரான ஊர்களுக்குப் போய் வந்தாள். இப்படியே ஏழு வருஷம் ஓடியது. படமெடுக்கும்போது ஜோஸ் என்ன செய்வான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தான் படத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் சுற்றச் சுற்ற அவள் முதுகுக்குப் பின்னாலேயே செக்குமாடு மாதிரி சுற்றி வருவான். அவர்கள் போய் வந்த எந்த ஊரிலும் ஜோஸ் இல்லை. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளன். யார் கண்ணிலும் படாமல் அலமாரிகளுக்கு நடுவே நடந்து பழகியவன்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பழைய ரணம் இருந்தது. 2006-ல், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு ஃபெமினாவுக்கு ஆர்டர் அனுப்பியிருந்தார்கள். ஆர்டர் வீட்டுக்கு வந்தது என்றே அவளுக்குத் தெரியாது. கூடப் பதிவு செய்திருந்த தோழி வேலையில் சேர்ந்த பிறகு போய் விசாரித்தாள். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது, வாங்கியவர் கையெழுத்து இருக்கிறது, சேர வேண்டிய தேதியும் போய்விட்டது என்றார்கள். கையெழுத்து வெறும் கிறுக்கலாக இருந்தது. ஜோஸ் தனக்குத் தெரியாது என்றான். வீட்டில் பகல் முழுக்க இருந்தவள் மாமியார் வியாகுலம்மாள். மருமகள் வேலைக்கு வெளியூர் போவது அவளுக்குப் பிடிக்காது என்பதும் ஊரறிந்தது. ஃபெமினா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அன்றோடு மாமியாரிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், பிரஷர் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு வருஷம் கழித்து 2014-ல் வியாகுலம்மாள் இறந்துபோனாள். கடைசிவரை அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் அரசு ஆஸ்பத்திரி என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஃபெமினா ஆரம்பித்துவிடுவாள். பெரம்பலூர் என்ன துபாயா, ஒன்றேகால் மணி நேரப் பஸ், காலையில் போய்ச் சாயந்தரம் வந்திருப்பேனே என்பாள். ஜோஸ் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னால் போதும் என்றுதான் அவள் பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தாள். வேலை போனதுகூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

2025 ஆடி மாதம், மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் கரை தொட்டு வந்தது. தண்ணீர் வந்துவிட்டால் திருச்சிக்காரர்களுக்கு வீட்டில் கால் தங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஜோஸ் தானாகவே, "ஃபெமி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போயி தண்ணி பாத்துட்டு வரலாமா" என்றான். தானாக எதையும் கேட்டறியாதவன் கேட்டதே அதிசயம். போனார்கள். படித்துறையில் அவள் ஒரு சுற்றுப் படமெடுத்தாள். அவன் வழக்கம்போல் பின்னால் சுற்றினான். அங்கே என்ன நடந்தது என்று இந்த இடத்தில் சொல்ல வழியில்லை, ஏனென்றால் மூன்று நாளில் அது ஃபெமினாவிடம் இல்லாமல் போய்விட்டது. அன்று இரவு ஜோஸ் பாரம் இறக்கிய லாரி மாதிரி தூங்கினான் என்பது மட்டும் தெரியும்.

புதன்கிழமை சந்திரம்மாள் ஏற்காடு பார்க்க வந்தாள். காட்டுவதற்கென்றே ஜனவரியில் ஃபெமினா போய் வந்த ஊர் அது. சந்திரம்மாளுக்கு அறுபத்தொரு வயது. புருஷன் வீரமலை லாரிப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து செத்துப்போனவர். கூட வாழ்ந்த முப்பது வருஷமும் அவளை ஏய் என்பதைத் தாண்டி வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூட்டு வலிக்காரி. தன் காலால் அவள் போன தூரம் ஆஸ்பத்திரி வரைதான். மற்ற ஊரெல்லாம் ஃபெமினா உபயம். ஃபெமினா ஏற்காடு படத்தைத் திறந்து பெட்டியில் செருகிக் கையில் கொடுத்துவிட்டு, குக்கர் கூப்பிடுகிறதே என்று உள்ளே போனாள். ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லிப் போனைக் கொடுத்தால், பக்கத்துப் படத்தைத் தள்ளிப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்த மனுஷர் இந்த உலகத்தில் உண்டா? சந்திரம்மாளும் மனுஷிதானே. போனை வெளியே உருவி, விரலால் ஒரு தள்ளுத் தள்ளி, மறுபடி செருகிப் பார்த்தாள். ஃபெமினா திரும்பி வந்தபோது சந்திரம்மாளின் சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. கண்ணும் நனைந்திருந்தது. ஏற்காட்டில் மழையா என்று கேட்டதற்கு ம் என்றாள். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை பேப்பரில் ஏதோ அரசு ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்த செய்தி. ஃபெமினா வழக்கம்போல் ஆரம்பித்தாள். ஜோஸ் கொல்லைப்பக்கம் போகவில்லை. இட்லியைப் பிட்ட கை நின்றது.

"மறுபடியும் என்ன ஃபெமி. அதான் பேசி முடிச்சாச்சே."

"எதப் பேசி முடிச்சோம்?"

"அம்மா மண்டபத்துல எல்லாத்தையும் சொன்னேனே."

"நம்ம எப்பங்க அம்மா மண்டபம் போனோம்?"

கேட்ட அடுத்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். படித்துறை இருந்தது, எதிர்க்கரைத் தென்னைகள் இருந்தன, நடுவில் வெறும் மணலாக ஆறு கிடந்தது. சத்தமே இல்லை. அவள் பெட்டியை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. என்ன சொன்னீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாள். ஜோஸ் தட்டைத் தள்ளி வைத்தான். "ஒரு தடவ சொல்றதுக்கே எனக்குப் பத்தொம்பது வருஷம் ஆச்சு ஃபெமி. இன்னொரு தடவ என்னால முடியாது" என்றான். அவள் எவ்வளவு கத்தியும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். சந்திரம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுக்கவில்லை, ஆமாம், தள்ளிப் பார்த்துவிட்டேன், தப்புதான் என்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதும் கீரையை முறத்தில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "சொல்ல மாட்டேம்மா. நீ காட்டின, உங்கிட்டேர்ந்து போயிடுச்சு. நான் சொன்னா எங்கிட்டேர்ந்து போயிடும். எங்கிட்ட ஒரு ஆம்பள தப்புன்னு சொன்னது இந்த அறுபத்தோரு வருஷத்துல அது ஒண்ணுதான்." அது உங்களிடம் சொன்னதில்லை, என்னிடம் சொன்னது என்று ஃபெமினா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீ சொல்றது சரிதான். ஆனா கேட்டது நானாத்தான இருக்கேன்" என்றாள் சந்திரம்மாள். ஃபெமினா அப்போதுதான் திருடி என்ற வார்த்தையை விட்டாள். தெருவில் நாலு பேர் கேட்டார்கள். சந்திரம்மாள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

அடுத்த மூன்று மாதம் ஃபெமினா பட்ட பாட்டை நாய்கூடப் படாது. அவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அவள் வீட்டுக்குள் ஒருவருக்கும் எதிர்வீட்டில் ஒருவருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. இதிலே ஜோஸ் வேறு குளிக்கும்போது பாட ஆரம்பித்திருந்தான். பத்தொன்பது வருஷமாகக் கூனியிருந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. அவன் வேலைக்குக் கிளம்பும்போது சந்திரம்மாள் எதிர்வாசலில் நின்று, "போனாப் போவட்டுங்க தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்பாள். வத்தக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அவனுக்கு வரும். அதாவது, தப்பு நடந்தது ஃபெமினாவுக்கு, மன்னித்தது சந்திரம்மாள், நிம்மதியாகச் சாப்பிடுவது ஜோஸ். கேட்பாரில்லாத நியாயம்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தை ஒப்புக்கொண்டிருப்பானோ என்று மாதா கோயிலில் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர், கேட்டதே தப்பு என்று அவளுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் தண்டனையாகக் கொடுத்து அனுப்பினார். ஜோஸை இழுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபத்துக்குப் போனாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறேன், நீங்கள் பின்னால் வந்து அன்றைக்குப் போலச் சொல்லுங்கள் என்றாள். அவள் பதினொரு சுற்றுச் சுற்றினாள். அவனும் பதினொரு சுற்றுப் பின்னால் வந்தான், வாயைத் திறக்கவில்லை. கரையில் திதி செய்துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் இது என்ன பிரார்த்தனை என்று மரியாதையாக விசாரித்தார். தலைசுற்றலில் படியில் உட்கார்ந்தவளுக்கு ஜோஸ் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான். அந்த அக்கறையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஐப்பசி பிறந்தது. ஐப்பசி மாதம் காவிரியில் துலா முழுக்குப் போடுவது சந்திரம்மாளின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மூன்று மாதமாகப் பேசாதிருந்த ஃபெமினா ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவள் வாசலில் போய் நின்று, "வாங்கக்கா, முழுக்குப் போட்டுட்டு வரலாம்" என்றாள். சந்திரம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. மாற்றுச் சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஆற்றுப்பாலம் தாண்டும்வரை இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அம்மா மண்டபத்தில் இறங்கியதும் சந்திரம்மாள் முன்னால் நடந்தாள். அங்கே கால் வைத்தறியாதவள், மூன்றாவது படி வழுக்கும், பார்த்து வா என்று ஃபெமினாவுக்குச் சொன்னாள். முழுக்குப் போட்டு, சேலை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஃபெமினா போனை நீட்டினாள்.

"நீங்க எடுங்கக்கா. இப்பிடிப் புடிச்சிக்கிட்டு மெல்லச் சுத்துங்க. நடுவுல நிக்கக் கூடாது, பேசக் கூடாது."

சந்திரம்மாள் போனைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். ஃபெமினா அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தாள். ஈரத் தலைமுடியும், ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கும் கண்ணுக்கு முன்னால் மெல்ல நகர்ந்தன. ஜோஸ் ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சுற்றுகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது, எதிர்த்துப் பேச முடியாது, முகம் என்ன ஆகிறது என்று சொல்கிறவருக்கும் தெரியாது. உலகத்தில் கோழைக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. நானும் கோழைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கள நாலு பேர் கேக்கத் திருடின்னு சொல்லிட்டேன். அது தப்பு. நீங்க எதையும் திருடல. எங்கிட்ட இருந்ததுல உங்களுக்கும் பங்கு வந்துடுச்சு, அவ்வளவுதான். என்ன மன்னிச்சிருங்க."

சந்திரம்மாள் நடுவில் நிற்கவில்லை. கிழக்கே பாலம், தெற்கே தண்ணீர், வடக்கே மண்டபம் என்று சுற்றை முழுதாக முடித்தாள். போனைத் துடைத்து ஃபெமினாவின் பையில் வைத்தாள். படியில் மெதுவாக உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி அவளையும் உட்காரச் சொன்னாள். இது எனக்கே சொன்னது, இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஃபெமினா. அப்படியானால் அதை நீ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, ஜோஸ் சொன்னதை ஜோஸ் சொன்னபடியே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"‘ஃபெமி, திரும்பாம சுத்து. அந்த ஆர்டர் வந்துச்சு. அம்மா வாங்கல, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அப்ப நான் லைப்ரரில தினக்கூலி. நீ கவர்மெண்ட் உத்தியோகத்துக்குப் போயிட்டா என்ன மதிக்க மாட்டேன்னு பயந்துட்டேன். கிழிக்க மனசு வரல. யாரும் எடுக்காத ஒரு புஸ்தகத்துக்குள்ள வச்சிட்டேன். நீ அம்மா மேல பழி போட்டப்பவும் நான் வாயத் தொறக்கல. அம்மாவுக்குத் தெரியும். எனக்காக அவங்களும் சொல்லல. தப்பு எம்மேலதான்.’ இவ்வளவுதாம்மா."

ஃபெமினா, அதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள்.

"சுத்தி முடிச்ச. போன எறக்கின. ‘அத்தைகிட்ட எட்டு வருஷம் பேசலையே’ன்ன. வேற ஒண்ணும் சொல்லல. நெய்த் தோச சாப்பிடலாமான்னு தம்பி கேட்டுச்சு, திருவானைக்காவல்ல போயி சாப்பிட்டோம். மன்னிச்சது நான்தான். அன்னைக்கு உங்க வீட்டுலேர்ந்து போயி கீரத் தண்டு நறுக்கிட்டு இருக்கப்ப மனசு எளகிடுச்சு."

"நீங்க மன்னிச்சிட்டீங்கக்கா. நான் இன்னும் மன்னிக்கல."

"அது உன் சௌரியம்" என்றாள் சந்திரம்மாள். சொன்னதால் அவளிடமிருந்து ஒன்றும் போய்விடவில்லை. அது மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சந்திரம்மாள் எடுத்த படத்தை இன்று வரை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜோஸ் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பாட்டு வாயிலேயே இருந்தது. ஃபெமினா வாசல் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எதுத்த வீட்டுல மன்னிச்சாங்கன்னா அது அவங்க கேட்டதுக்கு. எங்கிட்ட நீங்க இன்னும் சொல்லல. முதுகுக்குப் பின்னாடி வேணாம், முன்னாடி வந்து சொல்லுங்க" என்றாள். ஜோஸ் பாட்டை நிறுத்தினான். கல்லூரிக்கு அன்று போகவில்லை. முன்னால் வந்து நிற்க அவனுக்குப் பத்து மணி ஆயிற்று. வாயைத் திறக்கப் பதினொன்றரை. சொன்னபோது வரிசை மாறி, பாதி அழுகையாக, முதல் தடவை சொன்னதில் பாதி அழகுகூட இல்லாமல் சொன்னான். பழைய புத்தகங்களை எடைக்குப் போட நூலகத்தில் முடிவெடுத்ததையும், அதனால்தான் ஆடியில் வாயைத் திறக்க வேண்டி வந்ததையும் சேர்த்துச் சொன்னான். ஆக, புத்தகம் எடைக்குப் போயிருக்காவிட்டால் இன்னும் பத்தொன்பது வருஷம் போயிருக்கும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டுத் தன் பையின் அடியிலிருந்து பழுப்பேறிய ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான்.

அவள் பிரித்துப் படித்தாள். பேர் சரியாக இருந்தது, இனிஷியலும் சரியாக இருந்தது, பதினைந்து நாளைக்குள் வந்து சேரவும் என்று இருந்தது. ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதே நேரத்தில் எதிர்வீட்டில் சந்திரம்மாள், சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள், பானையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், அரசாங்க வேலை கைநழுவிப் போய்விட்டதே என்று அழுதாள். போய்த் தேற்றிய அழகிரி உட்பட யாருக்கும் அது விநோதமாகத் தோன்றவில்லை. அந்தத் தெருவில் ஆர்டர் வந்தும் வேலைக்குப் போக முடியாமல் போனவர்கள் இரண்டு பேர் என்றுதான் இப்போதும் சொல்கிறார்கள். ஜோஸ் சாலையின் அந்தப் பக்கம் மன்னிக்கப்பட்டவன், இந்தப் பக்கம் இன்னும் இல்லை. வீட்டில் திட்டு வாங்கினால் எதிர்வீட்டில் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவான். ஃபெமினா அதைத் தடுப்பதில்லை.

அதற்கு அடுத்த வாரம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். வியாகுலம்மாளின் கல்லறைக்கு வருஷா வருஷம் ஜோஸ் மட்டும்தான் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவான். இந்த வருஷம் ஃபெமினா அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே போனாள். செவ்வந்திப் பூவும் ஒரு கட்டு மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, சந்திரம்மாள் கையில் கற்பூரத்தோடு தயாராக நின்றிருந்தாள். நானும் எட்டு வருஷம் பேசவில்லையே என்றாள். இரண்டு பேருமாகப் போனார்கள். கூட்டம் அதிகம் என்பதால் வாசலில் காவலாளி பெனடிக்ட் கல்லறைக்குக் குடும்பத்து ஆட்களை மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதியும் கையில் கற்பூரமுமாக நின்ற சந்திரம்மாளைப் பார்த்து, இவங்க யாருங்க என்று கேட்டார்.

"இவங்களும் மருமகதான்" என்றாள் ஃபெமினா.

பெனடிக்ட் வழிவிட்டார்.